கார்த்திகைப் பொரியில் ஜயநகர் மோவா

கார்த்திகைக்கு வாங்கின நெல்பொரி செங்கோட்டை, தென்காசி வீடுகளில் எப்படியும் கொஞ்சம் மிஞ்சும். அதே குளிர்மாதங்களில்தான் கொல்கத்தாவுக்குத் தெற்கே ஜயநகரில் நெல்பொரியை வைத்து மோவா என்ற மெத்தென்ற உருண்டை பிடிக்கிறார்கள். 2015இல் புவிசார் குறியீடு வாங்கிய இனிப்பு. அங்கே கனகசூர் என்ற வாசனை நெல்லின் பொரி. இனிப்புக்கு, ஈச்ச மரத்தைச் சீவி இறக்கும் சாற்றைக் காய்ச்சிய நொலேன் குர் வெல்லம். நமக்கு ஊர்ப் பொரியும் கருப்பட்டியும்தான். பனை வாசம் தூக்கலாக இருக்கும். ஜயநகர் மோவா என்று சொல்லி விற்க முடியாது, தின்னலாம்.

நெல்பொரி 100 கிராம், கருப்பட்டி 200 கிராம், தண்ணீர் 100 மில்லி, இனிப்பில்லாத கோவா 100 கிராம், நெய் 3 மேசைக்கரண்டி, ஏலக்காய் 4, கொஞ்சம் முந்திரி, கிஸ்மிஸ். 12 முதல் 14 உருண்டை வரும். சர்க்கரை போட்ட பால்கோவா வாங்கிவிடாதீர்கள், திகட்டும். சுக்குக் கருப்பட்டியும் ஆகாது.

பொரியைச் சொளவில் புடைத்து, உமி ஒட்டியதைக் கையாலேயே பொறுக்குங்கள். அலுத்துப்போய் உமியை விட்டுவிட்டால் ஒவ்வொரு கடியிலும் தொண்டையில் குத்தும். நமுத்த பொரியை வெறும் சட்டியில் சிறுதீயில் 3 நிமிடம் வறுத்து ஆறவிடுங்கள். நமுத்ததை அப்படியே போட்டால் ரப்பர் மாதிரி இழுக்கும்.

கருப்பட்டியைத் தட்டி, தண்ணீரில் கரைத்துக் கொதி வந்ததும் அரிப்பில் வடிகட்டுங்கள். அடியில் மண் இருக்கும். மறுபடி அடுப்பேற்றிக் காய்ச்சும்போதுதான் கவனம் வேண்டும். கார்த்திகை உருண்டைக்குப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்போமே, அந்தப் பதத்துக்குப் போகவே கூடாது. இரண்டு விரலுக்கு நடுவே ஒற்றைக் கம்பி இழுத்தால் உடனே இறக்கிவிடுங்கள். உருட்டுப் பதப் பாகு ஆறினதும் இறுகி, பொரியை மொறுமொறுவென்று பிடித்துக்கொள்ளும். மோவாவில் பொரி பாகைக் குடித்து மெத்தென்று ஆக வேண்டும்.

சூடான பாகில் பொரியைக் கொட்டி, நொறுங்காமல் அடியிலிருந்து புரட்டி, மூடி வையுங்கள். அரை மணி நேரம் தொடவேண்டாம். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் உதிர்த்த கோவா, 2 மேசைக்கரண்டி நெய், ஏலப்பொடி, முந்திரி சேர்த்துப் பிசறுங்கள். கொதிக்கிற பாகில் கோவா போட்டால் உருகி நெய் கக்கும். உருண்டை வழவழத்துப் பிடிபடாது.

மிச்ச நெய்யைக் கையில் தடவி எலுமிச்சை அளவு பிடியுங்கள். அழுத்தி இறுக்க வேண்டாம், ஒட்டினால் போதும். உச்சியில் ஒரு கிஸ்மிஸ்.

உதிர்ந்துபோகிறதா? பாகு போதவில்லை, அல்லது கலவை ஆறிவிட்டது. ஒரு கரண்டி சூடான பால் தெளித்து, மூடி 10 நிமிடம் வைத்துப் பிடித்தால் நிற்கும். பாகே முற்றிப் போயிருந்தால் பால் உதவாது. காய்ச்சும்போதே முற்றிவிட்டது தெரிந்தால், கோவா சேர்க்காமல் வழக்கமான பொரியுருண்டையாகவே பிடித்துவிடுங்கள்.

கோவா இருப்பதால் வெளியில் 2 நாள்தான். ஃப்ரிட்ஜில் 5 நாள் வரை வைக்கலாம், ஆனால் நெய் உறைந்து கட்டியாகும். தின்பதற்கு அரை மணி முன்பே எடுத்து வெளியே வையுங்கள்.