ஏமாற்றிய படத்தில் பிழையைத் தேடும் முறை

பிடித்த துப்பறியும் நாவல் திரையில் சோபிக்காமல் போனால், ‘நாவல் போல இல்லை’ என்று சொல்லி நிறுத்திவிடாமல், எது எங்கே தவறியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நார்வே எழுத்தாளர் ஜோ நெஸ்போ 2007இல் எழுதிய ‘தி ஸ்னோமேன்’ நாவலும், தோமஸ் ஆல்ஃபிரட்சன் இயக்கி 2017இல் வெளிவந்த படமும் இதற்கு மிகப் பொருத்தமானவை.

நாவலை மறுபடியும் முழுதாகப் படிக்க வேண்டியதில்லை; கொலையாளியை நோக்கிச் செல்லும் தடயங்களை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படம் ஓடும்போது, ஒவ்வொரு தடயமும் எப்போது, யார் வழியாக நமக்குக் கிடைக்கிறது என்று அதனருகே குறியுங்கள். குற்றக்கதையின் உயிர் இந்த வரிசையில்தான் இருக்கிறது; பாத்திரங்களைக் குறைப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், தடயம் தராமல் முடிவை மட்டும் கையில் கொடுப்பதை ஏற்க முடியாது. நாவலில் துப்பறியும் காவல் அதிகாரியான நாயகன் ஹாரி ஹோலின் சந்தேகம் ஒருவரை விட்டு மற்றவர் மீது தாவி, ஒரு கட்டத்தில் உடன் பணிபுரியும் காத்ரீன் பிராட் மீதே விழுகிறது. படம் இதைக் கைவிட்டதால், கொலையாளி வெளிப்படும் இடத்தில் அதிர்ச்சியே எழவில்லை.

அடுத்து, தயாரிப்பு நிலவரத்தைத் தேடிப் படியுங்கள். திரைக்கதையில் 10 முதல் 15 சதவீதம் வரை படமாக்கப்படவே இல்லை என்று இயக்குநரே கூறியிருக்கிறார். காட்சிகளுக்கிடையே தெரியும் இடைவெளிகளுக்கு இது பெருமளவு விடையளிக்கிறது. எனவே நாயகனாக நடித்த மைக்கேல் ஃபாஸ்பெண்டர் மீது பழி போடுவது நியாயமன்று.

இறுதியாக, படத்தில் நன்றாக அமைந்தவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். இந்தப் படத்தில் பனி மூடிய நார்வே நிலப்பரப்பை டியான் பீபியின் ஒளிப்பதிவு காட்டும் விதம் கட்டாயம் அதில் இடம்பெற வேண்டும்.