காந்தெலேயையும் கோராவையும் ஒரே அறையில் உட்கார வைப்பது எப்படி

ஹெல்சிங்கியில் 11 வருடமாகக் கச்சேரிகளுக்கு ஒலி அமைக்கிறேன். ஃபின்லாந்து நாட்டுப்புறக் கலைஞர்களும் செனகல், காம்பியா, மாலியிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து வாசிக்கும் ஒத்திகைகளில் மூலையில் மைக்கோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். சிறு வயதில் மிருதங்கம் கற்றதால் கை தானாகத் தாளம் போடும். காந்தெலே ஃபின்லாந்தின் மரபுத் தந்தி வாத்தியம், கோரா மேற்கு ஆப்பிரிக்காவின் மரபுத் தந்தி வாத்தியம். இரண்டையும் சேர்க்கும் இப்படி ஒரு கூட்டணியைத் தொடங்க நினைப்பவர்களுக்கு, நான் கண்ணால் பார்த்து நம்புவதை மட்டும் எழுதுகிறேன்.

இது புதிய யோசனை இல்லை. சகாரி குக்கோ 1974-ல் தொடங்கிய பீர்பௌகே குழு ஃபின்லாந்து மெட்டுகளோடு செனகல் தாளக் கலைஞர்களையும் மேடையேற்றியது. பெனின் நாட்டின் கிராண்ட் போப்போ ஊரில் வில்லா கரோ என்ற ஃபின்லாந்து–ஆப்பிரிக்கப் பண்பாட்டு மையம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கலைஞர்களைத் தங்க வைத்துவருகிறது. அதனால் "நாங்கள்தான் முதல்" என்ற நினைப்பை விட்டுவிட்டுத் தொடங்குங்கள். முன்பு செய்தவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள்.

முதல் வேலை சுருதி. கோராவுக்கு 21 தந்தி. பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோல் போர்த்தி, நடுவே தந்திகளைத் தாங்கும் உயரமான குதிரைக் கட்டையை நிறுத்தியிருப்பார்கள். பழைய முறைக் கோராவில் பிருடை கிடையாது. தண்டைச் சுற்றிய தோல் வளையங்களை மேலும் கீழும் நகர்த்தித்தான் சுருதி சேர்க்க வேண்டும். மிருதங்க வாரை இழுத்தவர்களுக்கு அந்த உழைப்பு புரியும். ஐந்து தந்திக் காந்தெலேயோ ஒரு நிமிடத்தில் சேர்ந்துவிடும். ஆகவே கோரா எந்தச் சுருதியில் வந்திருக்கிறதோ, அதற்குக் காந்தெலே போகட்டும். ட்யூனரை அணைத்துவிட்டுக் காதால் சேருங்கள். கோராவின் சுரங்கள் கீபோர்டின் சுரங்களோடு அச்சாகப் பொருந்தாது. பழைய காந்தெலே மரபிலும் மூன்றாம் தந்தி மேஜருக்கும் மைனருக்கும் நடுவில் நிற்பதுண்டு. இரண்டு பக்கத்துக்கும் அந்த நடு இடம் பழக்கமானதுதான். மெஷின் சொல்வதைக் கேட்டு அதை நேராக்கினால் அழகு போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று. ஐந்து தந்திக் காந்தெலேயை வழக்கமாக டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ என்று வைப்பார்கள். கோரா பெரும்பாலும் எஃப்-ஐ ஆதாரமாகக் கொண்டிருக்கும். காந்தெலேயின் நடுத்தந்தியை மட்டும் அரைச் சுரம் இறக்கி எஃப் ஆக்குங்கள். இப்போது ஐந்து சுரமும் கோராவுக்குள் இருக்கின்றன. கோராவுக்குச் சிலபா, சௌதா என்று சுருதி முறைகள் உண்டு. கோராக்காரர் இவற்றில் எதை வைத்தாலும் கவலையில்லை. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நான்காவது சுரத்தில்தான். அந்தச் சுரம் காந்தெலேயிடம் இல்லவே இல்லை. 21 தந்தியைத் தொடாமல் ஒரே தந்தியை இறக்கி இரண்டு வாத்தியத்தையும் சேர்த்துவிடலாம்.

அடுத்தது தாளம். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். போல்ஸ்கா என்ற ஃபின்லாந்து நடன மெட்டில் ஒரு சுற்றுக்கு மூன்று அடி. அடிக்கு நான்கு சிற்றடி. ஆக 12. மேற்கு ஆப்பிரிக்காவில் அடிக்கடி வரும் சுற்றும் 12 தான். ஆனால் அங்கே நான்கு அடி, அடிக்கு மூன்று. ஒருவர் சதுஸ்ரத்தில் மூன்று போட, மற்றவர் திஸ்ரத்தில் நான்கு போடுகிறார். தொடங்கும் இடமும் சேரும் இடமும் ஒன்று. இதைக் காகிதத்தில் எழுதி விளக்காதீர்கள். பிடில்காரரை எழுந்து நின்று கோராவின் நான்கு அடிக்கு நடக்கச் சொல்லுங்கள். நடந்துகொண்டே போல்ஸ்காவை வாசிக்கட்டும். பத்து நிமிடம் தடுமாறுவார். பிறகு கால் பிடித்துக்கொள்ளும். அதேபோல் ஜெம்பே என்ற மேற்கு ஆப்பிரிக்கக் கைமுழவை வாசிப்பவர் போல்ஸ்கா ஆடிப் பார்க்க வேண்டும். ஆடாமல் அந்த மூன்று அடியின் எடை எங்கே விழுகிறது என்று தெரியாது.

ரூனோ எனப்படும் ஃபின்லாந்தின் பழைய மரபுப் பாடல்கள் வேறு கதை. ஒரு வரிக்கு எட்டு அசை. பல மெட்டுகளில் முதல் ஆறும் குறுகியும் கடைசி இரண்டும் நீண்டும் வந்து ஐந்து அடியாகும். இதை நான்கு அடிக்குள் திணித்த பதிவுகளைக் கேட்டிருக்கிறேன். பாட்டு மூச்சுத் திணறுகிறது. ஒரு ஒத்திகையில் காம்பியாவிலிருந்து வந்த கோராக்காரர் எண்ணவே மறுத்துவிட்டார். பாடகியை வரியைப் பேசச் சொன்னார், பாட அல்ல. கண்ணை மூடிக்கொண்டு சுரைக்குடுக்கையின் பக்கத்தில் விரலால் தட்டிக்கொண்டே ஏழெட்டு முறை கேட்டார். "கடைசி இரண்டில் நீங்கள் உட்காருகிறீர்கள், நானும் அங்கேயே உட்காருகிறேன்" என்று சொல்லி, அந்த இரண்டு அசையிலும் கட்டைவிரலால் கீழ்த்தந்தியை இறக்கினார். அன்று மதியத்துக்குள் ஐந்து அடியில் ஒரு புதிய கும்பெங்கோ பிறந்துவிட்டது. கும்பெங்கோ என்பது திரும்பத் திரும்ப வரும் அடிச்சுற்று. அதன் மேல் பாயும் வேகமான கற்பனைக்குப் பெயர் பிரிமிந்திங்கோ.

இந்த இடத்தில் என் கருத்தை அழுத்திச் சொல்கிறேன். ஃபின்லாந்து மெட்டு மேலே, ஆப்பிரிக்கத் தாளம் கீழே என்ற ஏற்பாட்டோடு நிற்காதீர்கள். அதில் விருந்தினர் வெறும் அலங்காரமாகிவிடுகிறார். முதல் வாரத்தில் ஒருநாள் முழுக்க இடம் மாறுங்கள். காந்தெலே கும்பெங்கோவைப் பிடிக்கட்டும், கோரா போல்ஸ்காவின் மெட்டை வாசிக்கட்டும். மற்றவரின் அடிச்சுற்றை அரை மணி நேரம் கலையாமல் வாசிக்க முடிந்த பிறகு, கற்பனை செய்யும் உரிமை தானாக வருகிறது.

பேச்சிலும் ஒரு கவனம் வேண்டும். கோராவை வாசிக்கும் மாந்திங்கா மக்களின் மரபில் வணக்கம் நீளமானது: உடம்பு எப்படி, வீடு எப்படி, அம்மா எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஃபின்லாந்துக்காரர் தலையசைத்துவிட்டு வாத்தியத்தை எடுப்பார். இரண்டிலும் அவமரியாதை இல்லை, ஆனால் அப்படித் தோன்றிவிடும். ஒத்திகைக்கு முன் 30 நிமிடத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். செனகல் முறைத் தேநீர் மூன்று சுற்று வரும், இங்கத்திய காபியும் வரும். அந்த அரை மணி நேரத்தில் முடிந்த சண்டைகள் உண்டு.

கோராக்காரர் கிரியோ என்ற பரம்பரைப் பாணர் குடும்பத்தவராக இருந்தால், அவர் வாசிப்பதில் பல உருப்படிகள் ஒரு வம்சத்தைப் பாடும் புகழ்ப்பாட்டுகள். சுந்தியாத்தா கெய்த்தா மாலிப் பேரரசை நிறுவிய 13-ம் நூற்றாண்டு வரை பின்னால் போகும் வரலாறு அவற்றில் இருக்கிறது. "அந்த அழகான மெட்டை எடுத்துக்கொள்ளலாமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். யாரைப் பாடுகிறது, எந்தச் சமயத்தில் பாடுவது, வார்த்தையை மாற்றலாமா என்று கேளுங்கள். ஃபின்லாந்துப் பக்கத்திலும் யார் பாடியதிலிருந்து ஒரு ரூனோ கிடைத்தது என்பதைச் சொல்லிப் பாடுவது நல்லது.

பணமும் உரிமையும் முதல் ஒத்திகை முடிந்த அன்றே எழுத்தில் வர வேண்டும். மரபு மெட்டு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதற்குப் புதிதாகச் சேர்த்த கும்பெங்கோ ஒருவருடைய உழைப்பு. ஃபின்லாந்தின் இசை உரிமை அமைப்பான டியோஸ்டோவில் பாட்டைப் பதியும்போது அவர் பெயரும் பங்கும் இருக்க வேண்டும். நான் வேலை செய்த ஒரு கூட்டணியில் எல்லாப் பாட்டும் அமைப்பாளர் ஒருவர் பெயரிலேயே பதிவாகிவிட்டது. வந்தவர்களுக்கு நாள் சம்பளம் மட்டுமே கிடைத்தது. அந்தக் குழு பிறகு ஒன்றாக வாசிக்கவே இல்லை.

விசாவை ஆறு மாதம் முன்பே தொடங்கலாம், தொடங்குங்கள். ஷெங்கன் குறுகிய கால விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்க முடியும். கட்டணம் 90 யூரோ. அதையும் தூதரகம் வரை போய்வரும் செலவையும் கலைஞர் தலையில் கட்டாமல் உங்கள் திட்டச் செலவில் சேருங்கள்.

குளிர்காலத்தில் வந்தால் வாத்தியத்துக்கும் திட்டம் தேவை. வெளியே மைனஸ் 15, உள்ளே ஹீட்டர், காற்றில் ஈரமே இருக்காது. தோல் இறுகிச் சுருதி ஏறும், குடுக்கை வெடிக்கும். ஒரு ஜனவரியில் நானே அவசரத்தில் கோராப் பெட்டியை வந்த கையோடு திறந்து, அது மூன்று மணி நேரம் சுருதி நில்லாமல் தவித்ததைப் பார்த்தேன். பெட்டியை மூடியபடியே அறையில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஈரப்பதக் கருவி வாங்கி 40 சதவீதத்தில் வையுங்கள்.

மேடையில் காந்தெலேதான் மெல்லிய குரல். அதை மரமேசை மேல் வைத்தால் மேசையும் சேர்ந்து பேசும். காண்டாக்ட் மைக்கைப் பலகையின் அடியில் ஒட்டுங்கள். ஜெம்பேயைக் காந்தெலேயிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, சற்றுப் பின்னால் உட்கார வையுங்கள். ஒலிச் சோதனையில் முதலில் காந்தெலேயைத் தனியாகக் கேட்டு அளவை முடிவு செய்துவிட்டு, மற்றவர்களை ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.