மினிடிவி டேப்பை கம்ப்யூட்டருக்கு ஏத்தி 13 ஜிபியை ஒன்றரை ஜிபி ஆக்குற வழி

காதுகுத்து, கிரகப்பிரவேசம்னு பேனால எழுதின மினிடிவி (MiniDV, வீடியோ கேமராவுல போடுற சின்ன கேசட்) டேப் அலமாரில கிடக்கிறவங்களுக்கு இது. விஹெச்எஸ் கேசட் வேற கதை, அதை இங்க தொடலை.

மொதல்ல ஒரு விஷயம். மினிடிவி டேப்ல இருக்கிறது ஏற்கனவே டிஜிட்டல்தான். வீடியோ மட்டும் நொடிக்கு 25 மெகாபிட், சவுண்டெல்லாம் சேர்த்தா ஒரு மணி நேர டேப்புக்கு சுமார் 13 ஜிபி வரும். இதைப் பார்த்துட்டு நிறைய பேர் ஏத்தும்போதே சுருக்கப் பார்க்கிறாங்க, வேண்டாம். மொதல்ல அப்படியே காப்பி, அப்புறம் நிதானமா சுருக்கல், ரெண்டும் தனித்தனி வேலை. சுருக்குனது பிடிக்கலைன்னா திரும்ப சுருக்கலாம், டேப்பை திரும்பத் திரும்ப ஓட்டுனா அது தாங்காது.

வேணுங்கிறது: ஓடுற கேமரா, அதோட சார்ஜர் (பேட்டரிய நம்பாதீங்க, பாதில போயிடும்), ஃபயர்வயர் கேபிள் (டேப்புல இருக்கிறதை அப்படியே கம்ப்யூட்டருக்கு கொண்டு போற கேபிள்). கேமராவுல இருக்கிறது சின்ன 4 பின் ஓட்டை, சோனி இதுக்கு ஐ.லிங்க்னு பேர் வச்சிருக்கும். பக்கத்துலயே யூஎஸ்பி ஓட்டையும் இருக்கும், அது பெரும்பாலும் கார்டுல இருக்கிற போட்டோவுக்கும் வெப்கேம் தரத்து படத்துக்கும்தான். ஆன்லைன்ல மலிவா விக்கிற ஃபயர்வயர்-யூஎஸ்பி கேபிள் வேலை செய்யாது, முனைய மட்டும்தான் மாத்திக் குடுக்குது, வாங்காதீங்க. டெஸ்க்டாப்னா ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு போதும், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் போட்டதா பாத்து வாங்குங்க.

விண்டோஸ் 10ல கேமரா தெரியுது ஆனா படம் வரலைன்னா, டிவைஸ் மேனேஜர்ல 1394 (ஃபயர்வயரோட இன்னொரு பேர்) கன்ட்ரோலருக்கு 'லெகசி' டிரைவரை மாத்திப் போடுங்க. மைக்ரோசாஃப்டே அதை தனி டவுன்லோடா குடுத்திருக்கு.

கேமராவை ஆஃப் பண்ணிட்டு கேபிளை சொருகுங்க, ஆன்ல இருக்கும்போது சொருகுனா போர்ட் போயிடும் வாய்ப்பு இருக்கு. வருஷக்கணக்கா கிடந்த டேப்னா கடைசி வரைக்கும் ஓட்டி, திரும்ப ரீவைண்ட் பண்ணிட்டு ஆரம்பிங்க. கேமரா பிளே மோடுல இருக்கணும்.

டேப்பை ஏத்துற சாஃப்ட்வேர் எனக்கு வின்டிவி (WinDV) தான். பழசு, அழகா இருக்காது, ஆனா ஒரு வேலையைத்தான் செய்யும், அதை ஒழுங்கா செய்யும். செட்டிங்ல டைப் 2 ஏவிஐ வைங்க. 'டிஸ்கன்டினியூட்டி' இடத்துல 1 போட்டா, ஒவ்வொரு தடவை ரெக்கார்டிங் நின்னு ஆரம்பிச்ச இடத்துலயும் தனி ஃபைலா வெட்டி, படம் புடிச்ச தேதி நேரத்தையே ஃபைல் பேரா வச்சிடும். கேமராவுல அன்னைக்கு தேதி சரியா வச்சிருந்தா இது பெரிய வரம், இல்லைன்னா எல்லா கல்யாணமும் ஒரே ஜனவரி 1ல நடந்த மாதிரி இருக்கும். டேப் ஒரு மணி நேரம்னா ஏத்தவும் ஒரு மணி நேரம்தான், குறுக்கு வழி இல்லை. டிராப் ஆன (ஏத்தும்போது விட்டுப்போன) ஃபிரேம் 0னு காட்டணும்.

இப்ப சுருக்கல். ஹேண்ட்பிரேக்னு (HandBrake) ஒரு இலவச சாஃப்ட்வேர் போதும், காசு குடுத்து எதுவும் வாங்காதீங்க. நிறைய பேரோட வீடியோ கெட்டுப்போறது இங்கதான், கொஞ்சம் நின்னு படிங்க. நம்ம ஊர் கேமரா பால் (PAL, நம்ம ஊர் டிவி முறை) முறை, 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம். ஆனா ஒவ்வொரு ஃபிரேமும் ரெண்டு அரைப்படம், ஒத்தைப்படை வரியெல்லாம் ஒண்ணு, ரெட்டைப்படை வரியெல்லாம் இன்னொண்ணு, ரெண்டுக்கும் நடுவுல 1/50 நொடி வித்தியாசம். அதை அப்படியே சுருக்குனா யாராவது கைய வீசும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா நிக்கும், அந்தக் கோட்டை காப்பாத்தவே சைஸும் வீணா ஏறும். அதனால ஃபில்டர்ஸ்ல டீஇன்டர்லேஸுக்கு (அரைப்படத்தை முழுப்படமாக்குறது) யாடிஃப், பிரீசெட் 'பாப்'. பாப் வச்சா ரெண்டு அரைப்படமும் தனித்தனி படமாகி நொடிக்கு 50 ஆகும், அசைவு வழுக்கிட்டுப் போகும். கூடவே ஃபிரேம் ரேட்டை 50, கான்ஸ்டன்ட்னு மாத்தணும். ஆரம்பத்துல வர்ற '1080பி 30' பிரீசெட் 30க்கு மேல விடாது, பாப் போட்டும் படம் திக்குதுன்னா காரணம் இதுதான்.

அப்புறம் சுருக்குற முறை ஹெச்.264, தரத்துக்கான நம்பர் ஆர்எஃப் 20. நம்பர் குறைஞ்சா தரமும் சைஸும் கூடும். ஒரு மணி நேரம் பெரும்பாலும் 1ல இருந்து 2 ஜிபிக்குள்ள வந்துடும், இருட்டுல எடுத்த புள்ளி புள்ளியான படம்னா கூடும். ஹெச்.265 இன்னும் சின்னதாக்கும், ஆனா தாத்தா வீட்டு பழைய டிவில பென்டிரைவ் போட்டா ஓடாது, அதனால எனக்கு 264தான்.

பின்சேர்க்கை: ஃபைல் 4 ஜிபில நிக்குதுன்னு கேட்டவங்களுக்கு, உங்க டிஸ்க் ஃபேட்32ங்கிற பழைய ஃபார்மேட்ல இருக்கு, என்டிஎஃப்எஸ்க்கு மாத்துங்க. படத்துல கட்டம் கட்டமா வந்தா ஹெட் கிளீனிங் கேசட் ஒரு பத்து நொடி ஓட்டிப் பாருங்க. டேப் ஓரத்துல வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா மட்டும் கேமராக்குள்ள போடவே போடாதீங்க, அடுத்து போடுற டேப்புக்கும் ஒட்டிக்கும். ஹை8 (மினிடிவிக்கு முந்தின அனலாக் கேசட்) வச்சிருக்கிறவங்க, சோனி டிஜிட்டல்8 கேமரால சில மாடல் அந்த டேப்பையும் ஓட்டி இதே ஃபயர்வயர்ல டிஜிட்டலாவே வெளிய அனுப்பும், பழசு வாங்கும்போது மாடல் நம்பரை வச்சு மேனுவல்ல பாத்துட்டு வாங்குங்க.