ஒப்பந்தம் என்றாலே பொது வாக்கெடுப்பா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வதேச ஒப்பந்தம் ஒன்றுக்கு அரசு ஒப்புதல் தரப்போகிறது என்றதும், ‘இவ்வளவு பெரிய விஷயத்தை மக்களிடம் கேட்காமலா?’ என்ற குரல் எழும். அரசியலாக நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் ஒப்பந்தத்தின் அளவைப் பார்ப்பதில்லை. அது அரசமைப்போடு மோதுகிறதா, மோதினால் அந்த அரசமைப்பை எப்படித் திருத்துவது என்று பார்க்கும்.

அயர்லாந்தைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள், பாதியை விட்டுவிட்டு. அங்கே அரசமைப்பில் எந்தத் திருத்தத்துக்கும் பொது வாக்கெடுப்பு கட்டாயம். ஒற்றை ஐரோப்பியச் சட்டம் என்ற ஒப்பந்தத்தை எதிர்த்து ரேமண்ட் குரோட்டி என்ற பொருளியலாளர் வழக்குப் போட்டார். அதன் ஒரு பகுதி வெளியுறவில் அரசின் சுதந்திரத்தைக் கட்டிப்போடுகிறது என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, வாக்கெடுப்பு நடந்தது. சரி, அன்றிலிருந்து எல்லா ஐரோப்பிய ஒப்பந்தத்துக்கும் வாக்கெடுப்பா? இல்லை. 2012இல் நாடுகளின் பட்ஜெட் கட்டுப்பாடு பற்றிய நிதி ஒப்பந்தம் மக்களிடம் போனது. அதே ஆண்டு நெருக்கடியில் சிக்கும் யூரோ நாடுகளுக்குக் கடன் உதவி தரும் ஐரோப்பிய நிலைப்புறுதி அமைப்புக்கான ஒப்பந்தம் போகவில்லை, நீதிமன்றமும் அதை ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் கனடாவுடன் செய்த வர்த்தக ஒப்பந்தம் பற்றிய வழக்கில் 2022இல் வந்த தீர்ப்பு இன்னும் சுவாரசியம்: அப்போதிருந்த சட்டப்படி ஒப்புதல் தர முடியாது, ஆனால் சாதாரணச் சட்டம் ஒன்றைத் திருத்தினாலே போதும்!

அரசமைப்புத் திருத்தம் என்றாலே வாக்கெடுப்பு என்பதும் தவறு. வங்கதேசத்துடனான எல்லை ஒப்பந்தத்துக்காக 2015இல் இந்தியா செய்த 100ஆவது திருத்தம் நாடாளுமன்றத்திலேயே முடிந்தது. டென்மார்க்கில் பதில் எண்ணிக்கையைப் பொறுத்தது: இறையாண்மை அதிகாரத்தைச் சர்வதேச அமைப்புக்குக் கொடுக்கும் மசோதாவுக்கு ஆறில் ஐந்து பங்கு நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஆதரவு கிடைத்தால் வாக்கெடுப்பு வேண்டாம்.

அப்புறம், நடந்த வாக்கெடுப்பெல்லாம் கட்டாயத்தால் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2005இல் பிரான்ஸ் ஐரோப்பிய அரசமைப்பு ஒப்பந்தத்தை மக்களிடம் வைத்தது அதிபரின் விருப்பத்தால். மக்கள் நிராகரித்தார்கள். அதற்கு மாற்றாகப் பின்னால் வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தை 2008இல் நாடாளுமன்றமே நிறைவேற்றிவிட்டது. பலருக்கு அது இன்றும் கசப்பு.

கடைசியாக, தாமதம். ஒப்புதல் கொடுத்தபின் ‘உள்நாட்டு விதியை மீறிவிட்டார்கள்’ என்று சொன்னால் வெளிநாட்டிடம் பெரும்பாலும் எடுபடாது. நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களுக்கு விதி வகுக்கும் 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 46ஆம் பிரிவு, மீறல் வெளிப்படையாகவும், மீறப்பட்ட விதி அடிப்படை முக்கியத்துவம் உள்ளதாகவும் இருந்தால்தான் அந்த வாதத்தை ஏற்கிறது. அதனால் நீதிமன்றம் போவதென்றால் ஒப்புதல் ஆவணம் ஒப்படைக்கப்படும் முன்பே போக வேண்டும். குரோட்டி அப்படித்தான் போனார்.