முதல் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு எப்படித் தயாராவது?

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 42.195 கிலோமீட்டர் முழு ஓட்டத்தோடு 10 கிலோமீட்டரும் உண்டு, புதிதாக வருபவர்களுக்கு அது போதும். செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அரை மணி நேரம். போகப்போக ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம், கையில் கட்டியிருக்கும் வாட்ச் என்ன சொன்னாலும் சரி. ஞாயிறு மட்டும் நீண்ட ஓட்டம், அதிலும் வாரத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள்.

சென்னைக் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை சீக்கிரம் காயாது, உடம்புச் சூடும் இறங்காது. அதனால் மெரினாவோ பெசன்ட் நகரோ, விடிவதற்கு முன்பே இறங்கிவிடுங்கள், முடித்ததும் உப்பு போட்ட மோர் ஒரு சொம்பு (விலை கூடின பானமெல்லாம் இந்தத் தூரத்துக்குத் தேவையே இல்லை).

ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போது பாதம் லேசாக வீங்கியிருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலித்தால் சில நாள் ஓட்டத்தை நிறுத்துங்கள், அப்புறமும் விடவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள். போட்டியன்று புது ஷூ, புது சாக்ஸ் எதுவும் வேண்டாம்.