சிரிப்பு றிவியூ எழுதப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மூன்று ஓநாய்கள் நிலவைப் பார்த்து நிற்கும் ஒரு டீ-ஷர்ட். 2008இல் அமேசானில் ஒருவர் அதற்கு றிவியூ எழுதினார்: போட்டுக்கொண்டு கடைக்குப் போனாராம், பெண்கள் தேடி வந்து பேசினார்களாம். அடுத்த வருடம் அது இணையம் முழுக்கப் பரவியது. ஆளாளுக்குத் தங்கள் 'அனுபவத்தை' எழுத, டீ-ஷர்ட்டும் அமோகமாக விற்றது. 2012இல் பிக் நிறுவனத்தின் 'பெண்களுக்கான பேனா'வுக்கும் இதே கதைதான். "இனியாவது எனக்கும் எழுத வரும்" என்ற தொனியில் பெண்கள் நன்றி சொல்லிக் குவித்தார்கள்.

இரண்டிலும் கேலி போய் விழுந்தது ஒரு பொருளின் மேல், பெரிய கம்பனி ஒன்றின் நினைப்பின் மேல். யாருடைய பிழைப்பிலும் கை வைக்கவில்லை. நம் பக்கத்தில் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளையிலோ எல்லயிலோ வீட்டில் இரண்டு அறையை ஒதுக்கி வெளிநாட்டுக்காரருக்கு விடுகிற குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் "சேவல் நாலு மணிக்கே எழுப்பிவிட்டது, சம்பளமில்லாத அலாரம்" என்று எழுதி, பகிடிக்கு ஒற்றை நட்சத்திரம் போடுகிறீர்கள். சராசரி 5இலிருந்து 4.2க்கு இறங்கிவிடும். அறை தேடுகிறவர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார், உங்கள் பகிடியை வாசிக்கவே மாட்டார். ஆகவே எழுத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடுங்கள், நட்சத்திரத்தை மட்டும் உள்ளபடி போடுங்கள்.

இல்லாததைச் சேர்ப்பது இன்னும் மோசம். டீ-ஷர்ட் கதையை யாரும் நிஜம் என்று எடுக்கமாட்டார்கள். ஆனால் "சோற்றில் கரப்பான்" என்று சிரிப்புக்காக எழுதினால் எல்லோரும் நம்புவார்கள். பரிமாறிய பிள்ளையின் ஆங்கிலத்தையோ நம் தேயிலைத் தோட்டத்து ஆட்களின் பேச்சையோ நக்கல் அடிப்பதும் வேண்டாம். அதில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

அப்புறம், மொழிபெயர்ப்பு. "அக்கா சோறு போட்டே கொன்னுட்டாங்க" என்பது நமக்குப் பெரிய பாராட்டு. மெஷின் அதை அப்படியே மாற்றினால் வெளிநாட்டுக்காரர் பயந்துவிடுவார். கூடவே, "வயிறு நிறைய, மனசும் நிறைய" என்று நேராக ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எழுத்திலும் ஒரு பிழை உண்டு: தானே சிரித்துவிடுவது. 'ஹா ஹா', வரிக்கு வரி சிரிப்பு முகம், கடைசியில் "சும்மா பகிடிக்கு" என்ற விளக்கம், இவை வந்தால் சுவை போய்விடும். ஓநாய் டீ-ஷர்ட்காரர் கடைசி வரை முகத்தை மாற்றவே இல்லை.

வீட்டுக்காரருக்கும் ஒன்று. ஹோர்ட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்கிற செங்குத்து மலை விளிம்பைப் பார்க்கப் போனவர் திரும்பி வந்து, "உலகத்தின் முடிவு வெறும் வெள்ளை" என்று உங்களுக்கு இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கலாம். கோபத்தில் பதில் எழுதாதீர்கள். அது ஸ்கிரீன்ஷாட்டாகி, உங்கள் பெயரோடு அடுத்த பகிடியாகச் சுற்றும். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் அங்கே பெரும்பாலும் மூடுபனி ஏறிவிடும் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. "அன்றைக்கு மலை போர்வையை விட்டு எழும்பவில்லை. அடுத்த முறை விடியுமுன் கிளம்புங்கள், ரொட்டியும் சம்பலும் கட்டித் தருகிறோம்" என்று எழுதிப் பாருங்கள்.