கருத்துக்கணிப்பும் வேட்பாளர் பேட்டியும்: பதில் வராத இடத்தில் நடக்கும் தவறுகள்

அதிபர் தேர்தல் பிரசாரம் தொடங்கிவிட்டால் கருத்துக்கணிப்புகளுக்கும் வேட்பாளர் பேட்டிகளுக்கும் பஞ்சமே இருக்காது. முதலாவது வாக்காளரிடம் கேள்வி கேட்கிறது, மற்றது வேட்பாளரிடம் கேட்கிறது. எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் வந்த பதிலை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்: இவருக்கு 48 சதவீதம், அவருக்கு 45 சதவீதம், நேற்றைய பேட்டியில் இந்த ஒரு வசனம். என் பார்வையில், பெரிய தவறுகள் நடப்பது வேறு இடத்தில். போனை எடுக்காதவர், இன்னும் முடிவு செய்யாதவர், கேள்வியிலிருந்து நழுவிய வேட்பாளர் என்று பதில் வராமல் போன இடத்தைக் கணக்கில் எடுப்பவர்கள் குறைவு.

எண்ணிக்கை பெரிது என்றதும் நம்பிவிடுவது

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற வார இதழ் சுமார் ஒரு கோடி மாதிரி வாக்குச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லாண்டன் 57 சதவீத வாக்குகளுடன் வெல்வார் என்று அறிவித்தது. தேர்தலில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குகளையும், 48 மாநிலங்களில் 46-ஐயும் வென்றார். சுமார் 50,000 பேரிடம் மட்டும் கேட்ட கணிப்பாளர் ஜார்ஜ் கேலப், ரூஸ்வெல்ட்தான் வெல்வார் என்று சரியாகச் சொல்லியிருந்தார்.

முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும் எடுத்தது தவறு என்றுதான் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள் என்பதும் உண்மை. ஆனால் அதே அளவுக்கு முக்கியமானது இன்னொன்று. சீட்டு கிடைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத் திருப்பி அனுப்பவே இல்லை. ரூஸ்வெல்ட் மீது கோபத்தில் இருந்தவர்கள் ஆர்வமாக நிரப்பி அனுப்பினார்கள். திருப்தியாக இருந்தவர்களில் பலர் மேசையில் போட்டுவிட்டார்கள். இன்று ஒரு டிவி சேனலோ யூடியூப் பக்கமோ ‘ஐந்து லட்சம் பேர் வாக்களித்த மெகா சர்வே’ என்று போடும்போது நடப்பதும் இதேதான். தானாக முன்வந்து பொத்தானை அழுத்தியவர்களின் எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும், அதில் அழுத்தாதவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

முறையாக ஆள் தேர்ந்தெடுத்துக் கேட்கும் நிறுவனங்களுக்கும் இந்தச் சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் தொலைபேசியில் எடுத்த கணிப்புகளில் 1997-இல் நூற்றுக்கு 36 பேர் பதில் சொன்னார்கள். 2018-இல் அது 6 ஆகிவிட்டது. மீதி 94 பேரும் இந்த ஆறு பேரைப் போலவே வாக்களிப்பார்கள் என்று எப்படிச் சொல்வது? அதற்காகத்தான் வயது, பாலினம், பகுதி, கல்வி ஆகியவற்றை மக்கள்தொகையோடு ஒப்பிட்டு, குறைவாகப் பதில் வந்த பிரிவின் பதிலுக்கு அதிக எடை கொடுக்கிறார்கள். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகள் கல்வித் தகுதிக்கு எடை போடவில்லை. பட்டதாரிகள் சர்வேக்குப் பதில் சொல்லும் வழக்கம் அதிகம். அந்த ஆண்டு பட்டதாரிகள் ஹிலாரி கிளின்டன் பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருந்தார்கள். கடைசி வாரத்தில் முடிவு செய்தவர்களில் பலர் டிரம்ப் பக்கம் போனதும் சேர்ந்துகொள்ள, கணிப்புகள் ஹிலாரிக்கு முன்னிலை காட்டிய மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் ஆகிய மூன்றிலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் டிரம்ப் வென்றார்.

2020-இல் பலர் கல்விக்கும் எடை போட்டார்கள். ஆனாலும் தேசிய அளவில் நாற்பது ஆண்டுகளில் காணாத அளவுக்குப் பிழை வந்தது. பைடன் வென்றார், ஆனால் கணிப்புகள் காட்டியதைவிட வித்தியாசம் வெகுவாகக் குறைந்திருந்தது. எடை போட்டாலும், ஒரே வயது, ஒரே படிப்பு உள்ள இருவரில் பதில் சொல்பவரும் போனை வைத்துவிடுபவரும் அரசியலில் வேறு வேறாக இருந்தால் கணக்கு சரியாகாது.

‘பிழை வரம்பு 3 சதவீதம்’ என்பதைத் தவறாகப் படிப்பது

ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பில் பிழை வரம்பு ஏறக்குறைய 3 சதவீதப் புள்ளி என்று அடியில் சின்ன எழுத்தில் போடுவார்கள். அதாவது உண்மையான எண் அதைவிட 3 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். அது ஒரு வேட்பாளரின் எண்ணுக்கு மட்டும் உரியது. இரண்டு பேருக்கு இடையிலான வித்தியாசத்துக்குப் பிழை வரம்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு, அதாவது 6 புள்ளி. 48-க்கு 45 என்றால் ‘முந்துகிறார்’ என்று தலைப்பு போட அந்தக் கணிப்பில் ஆதாரம் இல்லை. அதே ஆயிரம் பேரில் நூறு இளைஞர்களை மட்டும் பிரித்து ‘இளைஞர்கள் யார் பக்கம்?’ என்று செய்தி போட்டால், அங்கே பிழை வரம்பு 10 புள்ளியைத் தொடும். இந்தத் தவறு ஒவ்வொரு தேர்தலிலும் திரும்பத் திரும்ப நடக்கிறது.

அந்த 3 சதவீதமும் குலுக்கலில் ஆள் எடுப்பதால் வரும் பிழையை மட்டுமே சொல்கிறது. கணிப்பாளர் எடுக்கும் முடிவுகள் அதில் அடங்காது. 2016 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ், புளோரிடாவில் 867 வாக்காளர்களிடம் வாங்கிய ஒரே தரவை நான்கு கணிப்பாளர் குழுக்களிடம் கொடுத்தது. தன் சொந்த முடிவையும் சேர்த்து ஐந்து விடைகள் கிடைத்தன. ஹிலாரி 4 புள்ளி முன்னிலை என்பதிலிருந்து டிரம்ப் 1 புள்ளி முன்னிலை என்பதுவரை அவை விரிந்தன. பதில் சொன்னவர்கள் அதே ஆட்கள், பதில்களும் அவையே. யார் உண்மையில் வாக்களிக்கப் போவார், யாருக்கு எவ்வளவு எடை என்பதில்தான் வேறுபாடு. எப்படி எடை போட்டார்கள், முடிவு செய்யாதவர்களை என்ன செய்தார்கள் என்று சொல்லாத கணிப்பை வெளியிடாமல் இருப்பதே நல்லது.

முடிவு செய்யாதவர்களை அழித்துவிடுவது

‘தெரியாது’ என்றவர்களை நீக்கிவிட்டு மீதியை நூறாக்கிக் காட்டுவது பலர் செய்யும் வேலை. படம் அழகாகத் தெரியும், ஆனால் போட்டி முடிந்துவிட்டது போன்ற எண்ணம் வந்துவிடும். 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டூவி வெல்வது உறுதி என்று நம்பிய கணிப்பாளர் எல்மோ ரோப்பர் செப்டம்பரிலேயே கணிப்பை நிறுத்தினார்; கேலப் அக்டோபரோடு முடித்துக்கொண்டார். கடைசி நாட்களில் மனம் மாறியவர்களை யாரும் கேட்கவில்லை. ஜெயித்தவர் ட்ரூமன்.

பிரான்ஸில் 2002-இல் நடந்தது இன்னும் பாடம் நிறைந்தது. அங்கே முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவர் மட்டும் இரண்டாம் சுற்றில் மோதுவார்கள். அதிபர் சிராக்கும் ஜோஸ்பானும்தான் அந்தச் சுற்றுக்குப் போவார்கள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த இருவர் மோதினால் யார் வெல்வார் என்ற கேள்விதான் பரபரப்பாக ஓடியது. முதல் சுற்றில் 16 வேட்பாளர்கள் நின்றார்கள், 28 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாக்களிக்க வரவில்லை. தீவிர வலதுசாரி லு பென் 16.86 சதவீதம், ஜோஸ்பான் 16.18 சதவீதம். பிரதமராக இருந்த ஜோஸ்பான் முதல் சுற்றிலேயே வெளியேறினார். கடைசிக் கணிப்புகளில் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் பிழை வரம்புக்குள் அடங்கக்கூடிய சிறு வித்தியாசம்தான். எண்களைவிட, அவற்றைப் படித்த விதமே பெரிய தவறு.

அந்தந்த நாட்டின் வாக்கு விதியை மறந்துவிடுவதும் இதோடு சேர்ந்தது. 2016-இல் ஹிலாரி நாடு முழுவதும் டிரம்பைவிட 2.1 புள்ளி கூடுதல் வாக்கு வாங்கியும் அதிபராகவில்லை; அங்கே மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகளே முடிவைத் தீர்மானிக்கும். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் விருப்பத்தெரிவு முறை இருக்கிறது: யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் உள்ள 2, 3 விருப்பங்களை எண்ணுவார்கள். 2024-இல்தான் முதன்முறையாக அதற்கான தேவை வந்தது. அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதம் பெற்றார், சஜித் பிரேமதாச 32.76. மற்றவர்களுக்கு விழுந்த சுமார் 33 லட்சம் வாக்குகளிலிருந்து இருவருக்கும் சேர்த்துப் போய்ச் சேர்ந்த விருப்பங்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. மற்ற சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் அடுத்த விருப்பம் காலியாகவே இருந்தது. ஆகவே அங்கே கணிப்பு எடுப்பவர் ‘உங்கள் இரண்டாவது விருப்பம் யார்?’ என்பதோடு நிறுத்தக் கூடாது. ‘இரண்டாவது விருப்பத்தைக் குறிப்பீர்களா?’ என்பதை முதலில் கேட்க வேண்டும்.

பேட்டியில்: நழுவ இடம் கொடுப்பது

வேட்பாளரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு ‘கணிப்பில் பின்தங்கியிருக்கிறீர்களே, எப்படி உணர்கிறீர்கள்?’ என்று கேட்பதைவிட வீணான கேள்வி இல்லை. ‘மக்கள் எங்கள் பக்கம், தேர்தல் நாளில் பாருங்கள்’ என்ற ஒரே பதில்தான் எல்லா நாட்டிலும் வரும். மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்பது அடுத்த தவறு. வேட்பாளர் மூன்றில் எளிதானதை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவார், நேயர்களும் கவனிக்க மாட்டார்கள்.

மிகச் சிறிய கேள்விதான் பெரும்பாலும் தப்ப விடாது. 1979 நவம்பர் 4 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பேட்டியில் ஜனநாயகக் கட்சி செனட்டர் எட்வர்ட் கென்னடியிடம் நிருபர் ரோஜர் மட் கேட்டது இவ்வளவுதான்: நீங்கள் ஏன் அதிபராக வேண்டும்? சில வாரங்களில் அதிகாரப்பூர்வமாகப் போட்டியை அறிவிக்கவிருந்த கென்னடி, தடுமாறி, சுற்றி வளைத்து ஏதோ சொன்னார். அதுவரை கட்சிக்குள் அப்போதைய அதிபர் கார்ட்டரைவிடக் கணிப்புகளில் வெகுதூரம் முன்னால் இருந்தவர் அவர். பிறகு அந்த முன்னிலை கரைந்தது. இங்கே இன்னொரு தவறையும் பார்க்க வேண்டும்: ‘ஒரே பேட்டியில் வீழ்ந்தார்’ என்று எழுதிவிடுவது. அதே நவம்பர் 4 அன்றுதான் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. நெருக்கடி நேரத்தில் மக்கள் பதவியிலிருந்த அதிபர் கார்ட்டர் பக்கம் திரும்பினார்கள். ஒரே நாளில் நடந்த இரண்டு நிகழ்வுகளில் எது எவ்வளவு மாற்றியது என்பதைக் கணிப்பு எண் தனியாகப் பிரித்துச் சொல்லாது.

அதிர்ச்சிக்காகக் கேட்கும் கற்பனைக் கேள்விகள் எனக்குப் பிடிப்பதில்லை. 1988 விவாதத்தில், உங்கள் மனைவி கொடூரமாகக் கொல்லப்பட்டால் மரண தண்டனையை ஆதரிப்பீர்களா என்று ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் டுகாகிஸிடம் கேட்டார்கள். ஆதரிக்க மாட்டேன் என்று அவர் நேராகவே பதில் சொன்னார். ஆனால் பின்னர் பேசப்பட்டதெல்லாம் அவர் முகத்தில் உணர்ச்சி இல்லை என்பதுதான். குற்றத்தைத் தடுக்க அவர் என்ன செய்வார் என்பதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. இதற்கு நேர்மாறு 2016-இல் லிபர்டேரியன் கட்சி வேட்பாளர் கேரி ஜான்சனிடம் கேட்ட கேள்வி. அலெப்போ விஷயத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். ‘அலெப்போ என்றால் என்ன?’ என்று அவர் திருப்பிக் கேட்டார். சிரியப் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது; அலெப்போ அந்தப் போரில் சிக்கிய நகரம். அதிபராக வருபவர் மேசைக்கு வரப்போகும் விஷயத்தைக் கேட்பது பொறி ஆகாது.

வேட்பாளர் பதில் சொல்லாமல் போனால் அதை அப்படியே எழுத வேண்டும்: ‘இரண்டு முறை கேட்டும் பதில் சொல்லவில்லை.’ கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொன்னார்களா, எந்தத் தலைப்பைத் தொடக் கூடாது என்றார்களா, அதையும் வாசகருக்குச் சொல்ல வேண்டும். வெட்டி ஒட்டும்போது கூடுதல் கவனம் தேவை. 2024 அக்டோபரில் கமலா ஹாரிஸ் பேட்டியில், ஒரே கேள்விக்கான பதிலின் ஒரு பகுதியை முன்னோட்டத்திலும் வேறு பகுதியை முழு நிகழ்ச்சியிலும் சிபிஎஸ் ஒளிபரப்பியது. டிரம்ப் வழக்குப் போட்டார். தாய் நிறுவனமான பாராமவுண்ட் 2025-இல் 1.6 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்த வழக்கின் நியாயம் எப்படி இருந்தாலும், முழு எழுத்து வடிவத்தையும் பேட்டி வந்த அன்றே வெளியிடுவது நல்ல பழக்கம்.

பேட்டி முடிந்த இரவே வெற்றியை அளப்பது

1976 அக்டோபர் 6 விவாதத்தில் அதிபர் ஃபோர்ட், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்றார். கேள்வி கேட்ட மேக்ஸ் பிராங்கெல் திகைத்து, மறுபடி கேட்டார். திருத்திக்கொள்ள அது நல்ல வாய்ப்பு. ஃபோர்ட் யூகோஸ்லாவியா, ருமேனியா, போலந்து என்று பெயர் சொல்லி அதையே உறுதிப்படுத்தினார். ஃபோர்ட் தரப்புக் கணிப்பாளர் ராபர்ட் டீட்டர் அன்றிரவு விசாரித்தபோது, ஃபோர்டே நன்றாகப் பேசினார் என்று கூடுதல் பேர் சொன்னார்கள். செய்திகளில் அந்த வாக்கியம் அலசப்பட்ட பிறகு, மறுநாள் அவரை எதிர்த்து நின்ற கார்ட்டர்தான் வென்றார் என்று பெரும்பான்மையினர் சொன்னார்கள். இரவுக் கணிப்பில் பேசியவர்கள் விவாதத்தை உட்கார்ந்து பார்த்தவர்கள். மறுநாள் கணிப்பில் அதைச் செய்தியாக மட்டும் கேட்டவர்களும் கலந்திருப்பார்கள். இரண்டு எண்ணும் பொய்யில்லை. ஆகவே உடனடிக் கணிப்பை வெளியிடுகிறவர், யாரிடம் கேட்டோம், அவர்கள் முழு விவாதத்தையும் பார்த்தார்களா, எத்தனை மணிக்குக் கேட்டோம் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். முடிந்தால் சில நாள் கழித்து அதே ஆட்களிடம் அதே கேள்வியைக் கேட்டு, அந்த எண்ணையும் அதே இடத்தில் வெளியிட வேண்டும்.